பார்ஸ்னிப்: ஆறு ஆண்டுகள் மண்ணில், மூன்று ஆண்டுகள் மீன் தண்ணீரில்

லண்டனின் வடமேற்கு ஓரத்தில் எனக்கு ஒரு அலாட்மென்ட் நிலம், அதாவது காய்கறி போட வாடகைக்கு எடுத்த சிறு துண்டு நிலம், இருக்கிறது. கெட்டிக் களிமண். மழையில் பூட்ஸைப் பிடித்து இழுக்கும், கோடையில் வெடித்துப் பிளக்கும். அங்கே ஆறு ஆண்டுகளாகப் பார்ஸ்னிப் போடுகிறேன். காரட் போன்ற வெளிர்நிறக் கிழங்கு அது. கடைசி மூன்று ஆண்டுகள் வீட்டுக் கண்ணாடிக்குடிலில் அக்வாபோனிக்ஸ் முறையிலும், அதாவது மீன் தொட்டி நீரையே உரமாகக் கொண்டு, வளர்த்துப் பார்த்தேன்.

விதை விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. காரட் விதை சில ஆண்டுகள் தாங்கும். பார்ஸ்னிப் விதை ஓராண்டிலேயே வீரியம் இழந்துவிடும். பாக்கெட்டில் பிப்ரவரி என்று போட்டிருந்ததை நம்பி முதல் ஆண்டு விதைத்ததெல்லாம் குளிர்ந்த சேற்றில் அழுகிப்போனது. இப்போது ஏப்ரலில்தான் விதைக்கிறேன். அப்போதும் முளைக்க மூன்று வாரம் எடுக்கும். வரிசை எங்கே என்று தெரிய இடையிடையே சிவப்பு முள்ளங்கி தூவுவேன். அது ஒரு வாரத்தில் தலைகாட்டும். பார்ஸ்னிப்புக்கு இடம் தேவைப்படுவதற்குள் சாப்பிட்டும் விடலாம்.

களிமண்ணுக்கு வழி சொன்னவர் பக்கத்து நிலத்துப் பெரியவர். கடப்பாரையை ஊன்றிச் சுழற்றினால் கூம்பு வடிவில் இரண்டடிக் குழி விழும். அதில் மணலும் சலித்த மக்கு உரமும் கலந்து நிரப்பி, குழிக்கு மூன்று விதை போட்டு, பிறகு ஒன்றை மட்டும் விட்டுவைக்க வேண்டும். இடுப்பு வலிக்கும், ஆனால் கிழங்கு நேராக இறங்கும். டெண்டர் அண்ட் ட்ரூ ரகம் சுவையில் ஒரு படி மேல் என்பது என் நாக்கின் தீர்ப்பு. ஆனாலும் கிழங்கின் தோளில் செம்பழுப்புப் புண் வரும் நோயைத் தாங்குவதால் நான் போடுவது கிளாடியேட்டர்.

ஒரு எச்சரிக்கை: இலைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் வரும். ஒரு ஜூலையில் அரைக்கைச் சட்டையோடு களை எடுத்தேன். மணிக்கட்டில் விழுந்த பழுப்புக் கோடு பல வாரம் போகவில்லை.

இனி மீன் தண்ணீர். ஆயிரம் லிட்டர் தொட்டியில் தங்கமீன்கள். மேலே ஓரடி ஆழச் சரளைப் படுக்கை. படுக்கை நிரம்பியதும் நீரைத் தானாக வடித்துவிடும் பெல் சைஃபன் குழாய் வழியாக நீர் ஏறி இறங்கும். நேரடியாக விதைத்தபோது, காகிதம் போன்ற அந்த விதைகள் கல்லிடுக்கில் எங்கோ போய்விட்டன. அட்டைக் குழாயில் முளைக்கவைத்து நட்டதும் இலை முழங்காலைத் தாண்டியது. மீன் கழிவின் நைட்ரேட் இலைக்குக் கொண்டாட்டம். நவம்பரில் பிடுங்கினால் ஐந்து விரல் விரித்த கை போல ஒரு கிழங்கு! கல்லில் முட்டிய இடமெல்லாம் வேர் கிளைத்திருந்தது. எப்போதும் நீர் தங்கும் அடிப்பகுதியில் முனை அழுகியிருந்தது.

மூன்றாம் ஆண்டு சரளையை அள்ளிவிட்டு மணல் நிரப்பினேன். மணல் படுக்கையும் மீன் தொட்டியும் சேர்ந்த முறையை 1980களிலேயே அமெரிக்காவின் வட கரோலினாவில் மார்க் மக்மர்ட்ரி என்ற ஆய்வாளர் செய்து காட்டியிருக்கிறார். கிழங்கு நேராக வந்தது. குட்டைதான், ஆனால் கண்ணுக்கு அழகு. வறுத்துத் தின்றபோது வெறும் மாவு. காரணம் புரிய ஒரு நாள் ஆனது. கடுங்குளிர் பட்டால்தான் பார்ஸ்னிப்பின் மாவுச்சத்து நன்றாகச் சர்க்கரையாகும். குளிர் படக்கூடாது என்று கண்ணாடி போட்டுக் காத்தவன் நான்!

கதவைத் திறந்து வைத்துக் குடிலைக் குளிரவிடலாமே என்று மனைவி கேட்டார். நீர் பத்து டிகிரிக்குக் கீழே போனால் மீன் கழிவை உரமாக்கும் பாக்டீரியா மந்தமாகிவிடும். ஒரு கிழங்குக்காக அமைப்பு முழுவதையும் வாட்டுவதற்கு எனக்கு மனமில்லை.

இப்போது மணல் படுக்கையில் பசலைக்கீரையும் வெந்தயக்கீரையும் வளர்கின்றன. வெளி மண்ணில் பார்ஸ்னிப் ஜனவரி வரை இருக்கும். கொத்தமல்லி அதிகம் போட்டு அதில் பொரியல் செய்து பார்த்தேன், தித்திப்பு அடங்கவில்லை. எண்ணெய் தடவி அடுப்பில் வறுப்பதே சரி. தரை இறுகி உறைந்துவிட்ட காலையில் தோண்டப் போனால் மண்வெட்டி உதவாது. அதே கடப்பாரைதான் வேண்டும்.