பெரிய மெஷினா, ரெப்ளிகாவா, இண்டெக்ஸா?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, சிங்கப்பூர் தேக்கா பக்கம் பலகாரக் கடை நடத்தும் அண்ணன் ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, இன்னிக்கு ஆர்டர் லிஸ்ட் திறக்கவே மாட்டேங்குது. கிளவுட்ல பெரிய சைஸ் வாங்கிடலாமா?" அவருடைய ஆர்டர்கள் இருப்பது கிளவுடின் சிங்கப்பூர் ரீஜனில் ஓடும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில்.

பெரிய மெஷின் எடுப்பதுதான் சுலபம்; கோடில் கை வைக்க வேண்டாம். ஆனால் ஒரு படி ஏறினால் மாத வாடகை ஏறத்தாழ இரட்டிப்பு ஆகும், மாற்றும்போது சிறிது நேரம் சேவையும் நிற்கும். அடிக்கடி படிக்கும் டேட்டா மெமரியில் அடங்காமல் திணறினால் இது நிச்சயம் உதவும். மோசமான குவெரியை, அதாவது டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளையை, இது திருத்தாது.

ரெப்ளிகா, அதாவது மெயின் டேட்டாபேஸைப் பின்தொடர்ந்து புதுப்பிக்கப்படும் நகல், வேறு விஷயம். படிக்கிற வேலையைப் பிரித்துக்கொள்ளும், அவ்வளவுதான். இங்கே மெதுவாக ஓடும் குவெரி அங்கேயும் மெதுவாகத்தான் ஓடும். மேலும் பொதுவாக ரெப்ளிகா மெயினை விடக் கொஞ்சம் பின்தங்கியே வரும். பணம் கட்டிய வாடிக்கையாளர் அடுத்த நொடியே தன் ஆர்டரைத் தேடினால் காணாமல் போகலாம். ஆர்டர் பக்கத்துக்கு இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

சரி, குவெரியைப் பார்ப்போம் என்று, அது எப்படி ஓடுகிறது எனக் காட்டும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் கட்டளையைப் போட்டேன். விஷயம் அங்கேதான் இருந்தது. சீக்குவென்ஷியல் ஸ்கேன், அதன் கீழே, ஃபில்டரில் கழிக்கப்பட்ட வரிசைகள் லட்சக்கணக்கில். அன்றைய சில நூறு ஆர்டருக்காக மொத்த டேபிளையும் வாசித்துக்கொண்டிருந்தது. ஆர்டர் நேரத்துக்கு இண்டெக்ஸ், அதாவது வேண்டிய வரிசையைச் சட்டென்று கண்டுபிடிக்க உதவும் அட்டவணை, ஏற்கெனவே இருந்தும்!

காரணம் நேர வித்தியாசம். டேட்டாபேஸ் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் இருக்கிறது, சிங்கப்பூர் அதைவிட 8 மணி நேரம் முன்னால். எழுதியவர் ஒவ்வொரு வரிசையின் நேரத்தையும் சிங்கப்பூர் தேதியாக மாற்றி, பிறகு இன்றைய தேதியோடு ஒப்பிட்டிருந்தார். டேபிளின் ஒரு ஃபீல்டு மேல் அப்படி ஒரு கணக்கைப் போர்த்திவிட்டால் சாதாரண இண்டெக்ஸ் பயன்படாது. கணக்கை மறுபக்கம் தள்ளினேன்: நம் ஊர் நள்ளிரவு என்பது யுடிசியில் முந்தைய நாள் மாலை 4 மணி. அதிலிருந்து இன்று மாலை 4 மணிக்கு முன் வரை என்று வரம்பு கொடுத்ததும், இண்டெக்ஸ் ஸ்கேன் வந்தது. பக்கம் கண் இமைக்கும் நேரத்தில் திறந்தது.

அப்புறம், கிளை வாரியாகவும் தேடுவார்கள் என்பதால் கிளை எண், ஆர்டர் நேரம் என்ற வரிசையில் கூட்டு இண்டெக்ஸ் ஒன்று சேர்த்தேன். சமக்குறி போட்டுத் தேடும் ஃபீல்டு முன்னால், வரம்பு வைக்கும் ஃபீல்டு பின்னால். மாற்றிப் போட்டால் பலன் குறையும். கடை ஓடும் நேரத்தில் சாதாரணமாக இண்டெக்ஸ் கட்டினால் புது ஆர்டர் எழுதுவது நின்றுவிடும், ஆகவே எழுதுவதைத் தடுக்காமல் கட்டச் சொல்லும் கன்கரண்ட்லி என்ற சொல்லைச் சேர்த்தே கட்ட வேண்டும். அதிக நேரம் பிடிக்கும், பாதியில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் மிஞ்சும். அதை அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும். இண்டெக்ஸும் இலவசமில்லை. ஒவ்வொரு ஆர்டர் பதியும்போதும் அதுவும் எழுதப்படும், அதனால் கண்டபடி சேர்க்க மாட்டேன்.

அண்ணன் மெஷினை மாற்றவில்லை. மாதக் கடைசியில் கணக்காளர் வருடக் கணக்கை இழுக்கும்போது மட்டும் ஆர்டர் பக்கம் இன்னும் தடுமாறுகிறது. அந்த ரிப்போர்ட்டுக்கு ஒரு சின்ன ரெப்ளிகா போடச் சொல்லியிருக்கிறேன். சில நொடி பழைய கணக்கு அங்கே யாருக்கும் இடைஞ்சல் இல்லை.