பல்லிக்குப் பஞ்சாங்கம் உண்டு, இந்தப் பெட்டிக்கு இல்லை: பேட்டரி பம்ப்போடு ஒரு வருஷம்

காவேரிப்பட்டணத்திலிருந்து தம்பி போன் செய்தான். "அக்கா, உங்க வீட்டுக் கீழ் ரூம்ல பேட்டரியில ஓடுற பம்ப் போட்டீங்களே, அது எப்படி இருக்கு? விலை கொஞ்சம் இறங்கியிருக்காம், நானும் வாங்கலாமா?" பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துக் கீழே அந்தப் பம்ப்பின் சார்ஜர் பெட்டி கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. போனை வைத்துவிட்டு ஓடினேன். ஒன்றுமில்லை, கரண்ட் ஒரு நிமிஷம் போய் வந்திருக்கிறது. அந்த எரிச்சல் அடங்குவதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன். அதனால் கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் சம்ப் என்றால் ஒகேனக்கல் தண்ணீர் வந்து விழும் தரைத்தொட்டிதான். கடையில் சம்ப் பம்ப் என்று கேட்டால் மாடித் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரை எடுத்து வைப்பார்கள். நான் சொல்வது வேறு. தரைக்குக் கீழே ஊறிவரும் தண்ணீரை ஒரு குழியில் சேர்த்து வெளியே தள்ளுவது. ஊத்தங்கரையில் எங்கள் வீட்டுக் கீழறை ரோட்டை விட நான்கடி பள்ளம். மாமனார் புளி அடுக்குவதற்காகக் கட்டியது. இன்றைக்கும் அங்கேதான் அடுக்குகிறோம். ஈரம் ஏறினால் புளி கறுத்துப் பிசுபிசுத்துப் போகும், அப்புறம் கேட்கும் விலைக்குத்தான் தள்ள வேண்டும்.

2024 டிசம்பர் முதல் வாரம் யாருக்கும் மறந்திருக்காது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து வந்து எங்கள் ஊரில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. ரோட்டோரம் நின்ற வேன்களே மிதந்து போயின. கீழறையில் எங்கள் மூட்டைகள் எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பயத்தில்தான் பொங்கல் கழிந்த கையோடு இதை வாங்கினேன். கரண்டில் ஓடும் அரை எச்.பி. நீர்மூழ்கி மோட்டார் ஏற்கெனவே குழியில் இருந்தது. அதற்கு மேலே அரையடி தள்ளி 12 வோல்ட் பம்ப், தண்ணீர் ஏறினால் எழும்பி அதை ஓட வைக்கும் தனி மிதவை சுவிட்ச், சுவரில் சார்ஜர் பெட்டி, 100 ஏ.எச். டியூபுலர் பேட்டரி.

இனி அந்தக் கீச்சு. கரண்ட் போனால் கீச். வந்தால் கீச். பேட்டரி இறங்கினால் கீச், பம்ப் ஓடினால் கீச், பேட்டரிக்குத் தண்ணீர் பார்க்கும் நாள் வந்தால் அதற்கும் அதே கீச். எல்லாவற்றுக்கும் ஒரே சத்தம், ஒரே இடைவெளி. விளக்கின் நிறத்தைப் பார்த்தால் தெரியும் என்கிறது கையேடு. விளக்கு இருப்பதோ கீழறையில், நான் படுப்பது மேலே. நிறுத்தும் பட்டனை அமுக்கலாம், அடுத்த முறை கரண்ட் சிமிட்டினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். படிக்கட்டுப் பக்கத்து அறையில் படுக்கும் என் அத்தைக்குக் காது லேசாக மந்தம். முதல் மாதம் முழுக்க அதைப் பல்லி என்றே நினைத்திருந்தார். "தெற்குப் பக்கம் கத்துது, நல்லதுக்கில்ல" என்று ஒரு நாள் என் வீட்டுக்காரரின் பயணத்தையே தள்ளிப் போட்டுவிட்டார். பல்லிக்காவது எந்தத் திசைக்கு என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி முழுக்க கரண்ட் இல்லை, வெளியே விடாத மழை. காலையில் பயந்துகொண்டே இறங்கினேன். தரை காய்ந்து கிடந்தது. படியில் உட்கார்ந்து பார்த்தேன். கால் மணிக்கு ஒரு தடவை பம்ப் முனகி எழுந்தது, அரை நிமிஷம் ஓடியது, தெருப்பக்கக் குழாயில் தண்ணீர் விழுந்தது, அடங்கியது. அப்போது அது போட்ட கீச்சு கூட எனக்குத் தாலாட்டு மாதிரிதான் இருந்தது.

ஆனால் கத்தியே ஆக வேண்டிய ஒரு நாளில் அது கத்தவில்லை. மாதம் ஒரு முறை மோட்டார் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குழியில் மிதவை எழும்பும் வரை குடம் குடமாக ஊற்றிப் பார்ப்பது என் வழக்கம். ஆவணியில் அப்படி ஊற்றினேன், பம்ப்பும் ஓடவில்லை, பெட்டியும் பேசவில்லை. கையை விட்டுப் பார்த்தால் மிதவையின் கழுத்தில் புளி நார் திரித்த கயிறு போலச் சுற்றி, அதைப் பம்ப்போடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. பம்ப்பை ஓட்டுவதும் அந்த மிதவை, அபாயமணியை அடிப்பதும் அதே மிதவை. அது சிக்கினால் இரண்டும் ஊமை. கரண்ட் சிமிட்டலுக்கெல்லாம் ஊரைக் கூட்டும் பெட்டிக்குக் குழி நிரம்புவது மட்டும் தெரியாது! இப்போது பம்ப்பை ஒரு மாம்பழக் கிரேட்டுக்குள் உட்கார வைத்து, சுற்றிலும் நைலான் கொசுவலை கட்டியிருக்கிறேன். அதன் பிறகு நார் போகவில்லை.

போன வாரம் இன்னொரு கூத்து. பெட்டியில் பேட்டரி ஃபுல் என்று காட்டும், பம்ப் கிளம்பியதும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றுவிடும். பார்க்க வந்தவர் பேட்டரி போய்விட்டது, மாற்றுங்கள் என்றார். ஒரு வருஷத்திலா? எனக்கு மனசு ஒப்பவில்லை. பம்ப் ஓடும்போது வோல்ட் பார்க்கும் மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியின் ஈயக் கொம்புகளிலேயே வைத்துப் பார்த்தேன், 12.3. பிளஸ் பக்க முனையை மட்டும் கொம்பிலிருந்து விரலளவு நகர்த்தி ஒயர் கிளாம்பில் வைத்தேன், 10.4. அந்த விரலளவு இடத்தில் இரண்டு வோல்ட் தொலைந்திருக்கிறது. கிளாம்பைக் கழற்றினால் உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. முதலில் சார்ஜரை அணைத்துவிட்டு மைனஸைக் கழற்ற வேண்டும், மாட்டும்போது அது கடைசி. சுடுதண்ணீரில் சோடா உப்பைக் கரைத்து, செல் மூடிகளுக்குள் இறங்காமல் ஊற்றிக் கழுவினேன். நுரைத்து அடங்கியதும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, முறுக்கி, மேலே வாசலைன் பூசினேன். செலவு இருபது ரூபாய் கூட இல்லை. டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறெதையும் பேட்டரிக்கு ஊற்றாதீர்கள், இந்த மாவட்டத்து போர் தண்ணீரை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று, சுருக்கமாக. பம்ப் ஓடும் சத்தம் வந்து தண்ணீர் வராவிட்டால் பெரும்பாலும் உள்ளே காற்று அடைத்திருக்கும். அந்தக் காற்று வெளியேற, தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வுக்குக் கீழே குழாயில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று வேண்டும். எங்களுக்கு மாட்டியவர் போடவில்லை, நான்தான் போட்டேன்.

தம்பி, உனக்குப் பதில். வாங்காதே. உன் வீடு தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது. இது ஊற்றுத் தண்ணீருக்கான பம்ப். ஆறு ஏறி வந்தால் இது என்ன செய்யும்? அந்த டிசம்பரில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் படிக்கட்டு வழியாகத்தான் இறங்கியது, அன்றைக்கு இது இருந்திருந்தால் இதுவும் மூட்டைகளோடு மிதந்திருக்கும். அந்தப் பணத்துக்கு வாசப்படியை ஓரடி உயர்த்திக் கட்டு. பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டால் நாலு போடுவேன், நாலும் பம்ப்புக்கு, பெட்டிக்கு முட்டை.

என்னுடையதைப் பழைய விலைக்குத் தருவீர்களா என்று மட்டும் கேட்காதே. தர மாட்டேன். அடுத்த முறை வரும்போது இரண்டாவதாக ஒரு மிதவை சுவிட்ச் வாங்கி வா, தனி மணியோடு. மணி வேறு சத்தத்தில் இருக்கட்டும்.