சிங்கப்பூர் – நியூயார்க்: ஒரே மூச்சிலா, பிராங்பர்ட் வழியாகவா?

சிங்கப்பூரும் நியூயார்க்கும் பூமியின் ஏறக்குறைய எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருக்கின்றன. ஒன்று கிழக்கே 104 பாகை, மற்றது மேற்கே 74. அதனால் இரண்டுக்கும் இடையிலான மிகக் குறுகிய பாதை வட துருவத்தை ஒட்டிப் போகிறது. சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 89 பாகை, அங்கிருந்து நியூயார்க்குக்கு இறங்க 49. பாகைக்கு 111 கி.மீ. என்று வைத்தால் 15,300 கி.மீ. சொச்சம்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்தத் தூரத்தை நிற்காமலும் பறக்கிறது, பிராங்பர்ட்டில் இறங்கியும் போகிறது. பிராங்பர்ட் வரை சுமார் 10,300 கி.மீ., அப்புறம் 6,200. கூட்டினால் 16,500. கூடுதல் தூரம் 1,200 கி.மீ. மட்டுமே, அதைப் பறக்க ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் நேரடி விமானத்துக்கு 18 முதல் 19 மணி நேரம், பிராங்பர்ட் வழியில் போக 23, 24.

மீதி நேரத்தில் சுமார் இரண்டு மணி நேரம் பிராங்பர்ட்டில் கழிகிறது. எஞ்சியதில் பெரிய பங்கு காற்றுக்கு. நேரடி விமானம் பெரும்பாலும் துருவத்தைவிட்டு பசிபிக் பக்கம் வளைந்து போகும். தூரம் கூடினாலும், மிக உயரத்தில் மேற்கிலிருந்து வேகமாக வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளும். திரும்பும்போது சில நாள் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வரும். அப்போதும் அதே காற்று துணை. அதாவது போக வர இரண்டு தடவையும் கிழக்கு நோக்கியே பறந்து உலகைச் சுற்றிவிடலாம்! பிராங்பர்ட் விமானம் நியூயார்க் போகும்போது அட்லாண்டிக்கில் அந்தக் காற்றை எதிர்த்தே போக வேண்டும். திரும்பும்போது அந்த வழியிலும் நேரம் குறையும்.

சரி, ஐந்து மணி நேரம் மிச்சம் என்றால் நேரடியிலேயே போய்விடலாமே? அதில் சாதாரண எகானமி இருக்கையே கிடையாது. இந்தத் தடத்துக்கென்றே 165,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும்படி மாற்றிய ஏர்பஸ் ஏ350 விமானத்தில் மொத்தம் 161 இருக்கைகள்தான்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. அத்தனை எரிபொருளைச் சுமக்க எடையைக் குறைத்தே ஆக வேண்டும். இதற்கு முன் நான்கு எஞ்சின் ஏ340-500 விமானத்தில் 2004-இல் தொடங்கிய சேவை எரிபொருள் செலவு தாங்காமல் 2013-இல் நின்றுபோனது. இரண்டு எஞ்சின் ஏ350 வந்த பிறகு 2018-இல்தான் மீண்டது.

ஆகவே எகானமி பட்ஜெட் என்றால் யோசிக்கவே வேண்டாம், பிராங்பர்ட்தான். பிரீமியம் எகானமிக்குப் பணம் இருந்தாலும், 18 மணி நேரம் ஒரே இருக்கையில் முட்டி மடக்கி உட்கார முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாதியில் இறங்கி நடப்பது உடம்புக்கு நல்லது. கைப்பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி மறுபடி ஏறுவதுதான் எரிச்சல். பிசினஸ் வகுப்பில் படுத்துத் தூங்குபவர்களுக்கு என் ஓட்டு நேரடிக்கே. நியூயார்க்கிலிருந்து இன்னொரு ஊருக்கு மாறிப் போகிறவர்கள் மட்டும் அட்டவணையைப் பாருங்கள்: நள்ளிரவை ஒட்டி சிங்கப்பூரில் கிளம்பும் பிராங்பர்ட் விமானம் மறுநாள் நண்பகல் வாக்கில் இறங்குவதால், அன்றைக்கே அடுத்த விமானத்தைப் பிடிக்க நேரம் இருக்கும்.