1955 ‘டபுள்’ சென்ட்: நிறத்தில் மயங்கி 220 டாலர் போன கதை

நிறம் ஏறிய வீட் சென்ட் (கோதுமைக் கதிர் பதித்த பழைய அமெரிக்க ஒரு சென்ட் காசு) என்றாலே கை பரபரக்கிறவரா நீங்கள்? அப்படியானால் பர்ஸைத் திறக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

போன மாதம் நியூ ஜெர்சியில் ஒரு நாணயக் கண்காட்சி. ஒரு மேசையில் 1955 சென்ட் ஒன்று. ஊதா, நீலம், ஓரத்தில் கொஞ்சம் இளஞ்சிவப்பு. மழைத் தண்ணீரில் சிந்திய பெட்ரோல் மாதிரி மினுங்கியது. "பழைய மின்ட் செட் (நாணயச் சாலையே தொகுத்து விற்ற காசுகள்) அட்டையிலேயே இருந்தது, கந்தகம் பட்டு இப்படி ஆகியிருக்கிறது" என்றார் விற்றவர். நடக்கிற விஷயம்தான், அதனால் நம்பினேன். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "தேதியைப் பாருங்கள், டபுளிங்" என்றார். லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடியில்) பார்த்தால் கடைசி 5-ஐ ஒட்டி நிழல் போல இன்னொரு 5!

1955 டபுள்டு டை பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் ஒரு அச்சைச் செய்ய மூல அச்சை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அழுத்துவார்கள். ஃபிலடெல்ஃபியா நாணயச் சாலையில் ஒரு அச்சில் மறு அழுத்தம் லேசாகத் திரும்பி விழ, தேதியும் எழுத்துகளும் இரட்டையாகிவிட்டன. 23 சென்ட் சிகரெட் பாக்கெட்டோடு மீதிச் சில்லறையாக மெஷினிலிருந்து வந்து விழுந்த காசு என்பார்கள். இன்று ஆயிரம் டாலருக்கு மேல் போகும். அது 220-க்குக் கிடைக்கிறதே என்று குதித்தேனே தவிர, ஏன் கிடைக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

நாணயக் கிளப்பில் ஒரு பெரியவர் காசைக் கையில் வாங்கிப் பார்த்தார். லூப்பைத் தொடக்கூட இல்லை. "லிபர்ட்டி என்ற எழுத்து இரட்டையாகத் தெரிகிறதா?" தெரியவில்லை. "அசலில் அது வெறும் கண்ணுக்கே தெரியும்." என்னுடையது தேய்ந்த அச்சில் அடித்த காசு, அச்சு தேயத் தேய கடைசி 5-க்கு மட்டும் நிழல் விழும். 'ஏழையின் டபுள்டு டை' என்று கிண்டலாகச் சொல்வார்கள். சில டாலருக்கு எங்கேயும் கிடைக்கும்.

சரி, நிறமாவது மிஞ்சுமே என்று நினைத்தேன். பெரியவர் காசைத் திருப்பிக் காட்டினார்: இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒரே வண்ணம். அட்டையில் கிடந்த காசில் ஒரு பக்கம் போல மறுபக்கம் இருப்பது அபூர்வம். வீட்டுக்கு வந்து பஞ்சில் அசிட்டோன் தொட்டு விளிம்பில் வைத்தேன். பஞ்சு நீலமானது. அடியில் சாதாரணப் பழுப்புச் செம்பு.

விற்றவரைக் கூப்பிட்டேன். "நான் டபுளிங் என்றுதானே சொன்னேன், டபுள்டு டை என்று எங்கே சொன்னேன்?" ரசீதை எடுத்துப் பார்த்தேன். '1955, டபுளிங், டோன்டு (நிறம் ஏறியது), விற்றது விற்றதுதான்.' மனிதர் ஒரு வார்த்தை கூடப் பிசகவில்லை.

விலை கூடிய காசு என்றால் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நாணயத் தரச்சான்று நிறுவனங்கள் பரிசோதித்து மூடிய பெட்டியில் இருப்பதை வாங்குங்கள். இல்லையென்றால் ரசீதில் 'டபுள்டு டை' என்றும், பரிசோதனையில் தேறாவிட்டால் பணம் வாபஸ் என்றும் எழுதித் தரச் சொல்லுங்கள். நான் பார்த்தபோது அந்த விற்றவர் தட்டில் அதே ஊதா நீலத்தில் இன்னும் ஏழெட்டுக் காசுகள் இருந்தன.