வாளா, வலைக்கோலா?

உதைபந்தாட்டமும் துடுப்பாட்டமும் கரப்பந்தாட்டமும் யாழ்ப்பாணத்தில் எங்கு திரும்பினாலும் உண்டு. அவற்றை விட்டு வேறொன்றைப் பழகிப் பார்க்க ஆசைப்படும் ஒருவர் வாள்வீச்சுக்குப் போவதா, வலைப்பை கட்டிய கோலால் பந்தை ஏந்தி எறிந்து ஆடும் லக்ரோசுக்குப் போவதா? இரண்டும் நம்மவர் அதிகம் ஆடாதவை. பயிற்றுநர் பக்கத்தில் இல்லாவிட்டால் எதை ஆபத்தில்லாமல் தொடங்கலாம் என்பதுதான் எனக்கு முதலில் வரும் கேள்வி. அதற்கு என் பதில் லக்ரோஸ். ஆனால் வாள்வீச்சின் பக்கமும் கனமான நியாயங்கள் இருக்கின்றன.

வாள்வீச்சுக்கு மைதானம் தேவையில்லை. 14 மீற்றர் நீளமும் ஒன்றரை முதல் இரண்டு மீற்றர் அகலமும் உள்ள ஒரு கீற்றுத் தரை போதும். பாடசாலை மண்டபம் ஒன்றில் தாராளமாக நடத்தலாம். மாரி மழையில் மைதானங்கள் சேறாகிக் கிடக்கும் மாதங்களில் இது பெரிய வசதி. ஆளுக்கும் அலைய வேண்டாம், எதிரே ஒருவர் இருந்தால் சரி. வாள் மூன்று வகை. ஃபொயிலில் உடற்பகுதியில் மட்டும் நுனியால் குத்த வேண்டும். சேபரில் இடுப்புக்கு மேலே வெட்டினாலும் புள்ளி. எப்பேயில் உச்சி முதல் பாதம் வரை எங்கு குத்தினாலும் புள்ளி. முதல் இரண்டிலும் இருவரும் ஒரே நேரத்தில் தொட்டால், தாக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்று நடுவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். எப்பேயில் அந்த வழக்கே இல்லை, இருவருக்கும் புள்ளி. நடுவர் கிடைக்காத இடத்தில் தொடங்குகிறவர்கள் எப்பேயை எடுப்பது நல்லது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டில் ஒரு முன்னோடி இருக்கிறார். சென்னையைச் சேர்ந்த பவானி தேவி மூங்கில் குச்சியோடு பயிற்சியைத் தொடங்கியவர். 2021இல் டோக்கியோவில், ஒலிம்பிக்கில் வாள் பிடித்த முதல் இந்தியராக முதல் சுற்றை 15க்கு 3 என்று வென்றார். சேபர்தான் அவருடைய வாள்.

மூங்கிலை வைத்து கால் எடுத்து வைப்பதையும், முன்னே பாய்ந்து மீள்வதையும் பழகலாம். உருக்கு வாளை எடுத்ததும் கதை மாறிவிடும். 1982இல் ரோமில் நடந்த உலகப் போட்டியில் எதிராளியின் வாள் முறிந்து முகமூடியைத் துளைத்ததில், ஒலிம்பிக் தங்கம் வென்ற சோவியத் வீரர் விளாடிமிர் ஸ்மிர்னோவ் உயிரிழந்தார். அதற்குப் பிறகுதான் முகமூடிக்கும் அங்கிக்கும் வாளின் உலோகத்துக்கும் விதிகள் இறுகின. ஆகவே இங்கே தைத்த அங்கி, ஒட்டுப்போட்ட வலை முகமூடி என்று சமாளிக்கவே கூடாது. தரச்சான்று உள்ள உடுப்பைத்தான் வாங்க வேண்டும். அது சின்னச் செலவில்லை. வைகாசி வெயிலில் கழுத்துவரை மூடிய அந்தத் தடித்த அங்கிக்குள் நிற்பதையும் யோசித்துப் பாருங்கள். வியர்வையும் கடற்காற்றும் பட்டால் வாள் துருப்பிடிக்கும், ஒவ்வொரு தடவையும் துடைத்துக் காயவிட்டுத்தான் உறையில் போட வேண்டும். இத்தனைக்கும் மேலாக, கை தவறாகப் பழகிவிட்டால் திருத்துவது பெரும்பாடு. தொடக்கத்திலிருந்தே பார்த்துச் சொல்ல ஒரு ஆசான் வேண்டும்.

லக்ரோஸ் இந்த இடத்தில்தான் முந்துகிறது. நுனியில் வலைப்பை கட்டிய ஒரு கோல், கைக்குள் அடங்கும் கெட்டியான இறப்பர் பந்து, ஒரு மதில். வேறெதுவும் இல்லாமலே பழகலாம். பந்தை மதிலில் எறிந்து, திரும்பி வருவதைக் கோலாலேயே ஏந்தி, மறுபடி எறிய வேண்டும்; வலக்கையால் கொஞ்சம், இடக்கையால் கொஞ்சம். பெரிய ஆட்டக்காரர்களும் இன்றுவரை செய்யும் பயிற்சி இதுதான். எறிதலில் பிழை இருந்தால் பந்து திரும்பி வரும் இடமே காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் ஓடும்போது பந்து விழாதபடி கோலைத் தாலாட்டப் பழக வேண்டும், அதற்கு வளவே போதும். அலுமினியத் தண்டும் பிளாஸ்டிக் தலையும் என்றால் உப்புக்காற்றில் துருப்பிடிக்குமோ என்ற கவலையும் இல்லை.

சிக்கல் ஆட்டமாக ஆடும்போது வரும். வழமையான ஆட்டத்துக்கு ஒரு பக்கத்தில் 10 பேர் வேண்டும், அந்தத் தொகையை இங்கே சேர்ப்பது கடினம். ஆனால் 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் வரப்போவது அறுவர் ஆட்டம். பக்கத்துக்கு 6 பேர், 70க்கு 36 மீற்றர் களம், 8 நிமிடப்படி நான்கு கட்டங்கள். உதைபந்தாட்ட மைதானத்தின் ஒரு பாதி ஏறத்தாழப் போதும். கிளித்தட்டில் மறித்தவரை ஏய்த்து ஓடிப் பழகியவர்களுக்கு இந்த ஓட்டம் அந்நியமாக இராது. பந்து கல் போன்றது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஆண்கள் ஆட்டத்தில் மோதல் உண்டு. முகக்கம்பியுள்ள தலைக்கவசமும் கையுறையும் கட்டாயம். பெண்கள் ஆட்டத்தில் மோதலுக்கு இடம் குறைவு. கண்காப்பும் பற்காப்பும் வேண்டும். மகளிர் பாடசாலைகளில் வலைப்பந்தாட்டம் ஆடும் பிள்ளைகள் இதற்கு விரைவில் வருவார்கள் என்று நம்புகிறேன்.

கோலைத் தேடுவதும் நினைக்கும் அளவுக்குக் கடினமில்லை. கனடா 1994இல் லக்ரோசைத் தேசியக் கோடைகால விளையாட்டாகச் சட்டமாக்கியது. ரொறன்ரோவில் உறவு இல்லாத வீடு இங்கே எத்தனை? விடுமுறைக்கு வரும் மாமாவிடமோ மச்சாளிடமோ சொக்லேற்றுக்குப் பதிலாக ஒரு கோலும் இரண்டு பந்தும் கேட்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் விளையாட்டு. அவர்களுள் ஒரு பிரிவினரான ஹோடனசோனி மக்கள் இதைக் கடவுள் தந்த கொடையாகவே ஆடுகிறார்கள், உலகப் போட்டிகளுக்குத் தங்கள் சொந்தப் பெயரில் அணி அனுப்புகிறார்கள். 2010இல் அவர்கள் தாங்களே வழங்கிய கடவுச்சீட்டைப் பிரித்தானியா ஏற்காததால் மான்செஸ்டரில் நடந்த உலகப் போட்டிக்கே போக முடியாமல் நின்றார்கள். அந்த வலி என்னவென்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. எனக்கு இந்த விளையாட்டில் பற்று வர அதுவும் ஒரு காரணம்.

நாற்பதைத் தாண்டியவர், முழங்கால் நெடு ஓட்டத்துக்கு ஒத்துழைக்காதவர், ஒரே எதிராளியோடு மூளையால் மோதுவதில் இன்பம் காண்பவர், இவர்களுக்கு வாள்வீச்சே சரி. வாள்வீச்சில் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனிப் போட்டிப் பிரிவே உண்டு. ஆனால் பயிற்றுநரை உறுதிசெய்த பிறகே வாளுக்குப் பணம் கட்டுங்கள். மற்றவர்கள் ஒரு கோலை எடுத்துக்கொண்டு, யன்னல் இல்லாத மதிலாகப் பார்த்துத் தொடங்கலாம்.