மாடியில் பாகல்: பல விதைப்புப் பட்டம் போட்டுப் பார்த்த அனுபவம்

மதுரை வெயிலில் தக்காளியும் கத்தரியும் வாடி நின்ற வருடங்களில்கூட எங்கள் மாடியில் பாகல் காய்த்திருக்கிறது. வீட்டுத் தோட்டத்துக்கு இதைவிட நம்பகமான கொடி இல்லை என்பேன். ஆனால் பழ ஈயைச் சமாளிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

விதையின் ஓடு தடிமன். அப்படியே ஊன்றினால் முளைக்க நாளாகும். ஓரத்தை நகவெட்டியால் லேசாகக் கிள்ளி, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஈரத்துணியில் முடிந்து வைத்தால் நாலைந்து நாளில் வேர் எட்டிப் பார்க்கும். மார்கழிக் குளிரில் அதற்கும் மேல் ஆகும். வேர் விட்டதும் நேராக வளரப்போகிற பையிலேயே ஊன்றிவிடுங்கள். பிடுங்கி நட்டால் சுணங்கிவிடுகிறது. 15 அங்குலப் பைக்கு ஒரு செடி போதும். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு, இதுதான் என் கலவை. கொடி ஏற நைலான் வலை.

முதலில் வருவதெல்லாம் ஆண் பூதான். அதைப் பார்த்துப் பயந்து உரத்தைக் கொட்ட வேண்டாம். கொஞ்ச நாளில், அடியில் குட்டிப் பாகற்காயோடு பெண் பூ வரும். எங்கள் பக்கம் தேனீ குறைவு. அதனால் காலையில் காபிக்கு முன்னாலேயே ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தொட்டுவிடுவேன். தைப் பட்டத்தில், அதாவது தை மாத விதைப்பில், வந்த கொடியில் வெயில் ஏற ஏற ஆண் பூ கூடிவிடும். ஆடிப் பட்டத்தில் பெண் பூ அதிகம், பழ ஈயும் அதிகம். இரண்டில் எது என்று கேட்டால் ஆடிதான்.

இந்த ஈ பிஞ்சின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். காய் கோணி, வளரும் முன்பே மஞ்சளாகும். பிளந்தால் புழு நெளியும். உள்ளே போன புழுவை எந்தத் தெளிப்பும் எட்டாது. வேப்பெண்ணெய், கருவாட்டுப் பொறி, கடையில் விற்கும் இனக்கவர்ச்சிப் பொறி (ஆண் ஈயை வாசனை காட்டி இழுப்பது) எல்லாம் வைத்திருக்கிறேன். பொறியில் ஈ விழும், ஆனாலும் காயில் புழு இருக்கும். எனக்குப் பலன் தந்தது காகித உறைதான். பூ வாடிப் பிஞ்சு விரலளவு நீண்டதும் செய்தித்தாளைக் கூம்பாகச் சுற்றி, காம்பில் நூலால் கட்டிவிடுங்கள். மழையில் நனைந்தால் மாற்ற வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் காய் முழுசாகக் கைக்கு வரும். புழு விழுந்த காயைக் குப்பையிலோ உரத்தொட்டியிலோ போடாதீர்கள். புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, திரும்ப ஈயாக வரும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட்டுவிடுங்கள்.

ரகத்தில், நீளப் பாகல் பார்க்க அழகு, பிட்லைக்கும் நல்லது. ஆனால் எங்கள் வீட்டில் வருடா வருடம் நிற்பது மிதி பாகல். காய் சின்னது, கசப்பு தூக்கல். உப்பு மோரில் ஊறவைத்து வற்றல் போட்டால் அதற்கு ஈடில்லை. பாக்கெட்டில் வாங்கிய வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) விதை முதல் தடவை கொட்டிக் காய்த்தது. அதிலிருந்து எடுத்த விதையோ ஆளுக்கொரு மாதிரி வந்தது. நாட்டு ரகத்தில் அந்தத் தொல்லை கிடையாது. மகரந்தம் கலந்துவிடும் என்பதால் பக்கத்தில் வேறு ரகப் பாகல் மட்டும் இருக்கக் கூடாது. ஒரு நல்ல காயைக் கொடியிலேயே ஆரஞ்சு நிறமாகப் பழுக்க விட்டு, வெடிக்கும் தறுவாயில் பறித்து, விதைமேல் ஒட்டிய சிவப்புச் சதையைக் கழுவி, நிழலில் காயவைத்துச் சாம்பலில் புரட்டி எடுத்து வையுங்கள். அடுத்த ஆடிக்கு அதையே போடலாம்.