ஐடியாவை ‘வேலிடேட்’ பண்ணித் தர்றோம்னு வந்தால், காசு கட்டும் முன் இதைப் படிங்க

திருப்பூரில் பனியன் கம்பெனிகளிடம் வெட்டிய துணியை வாங்கி, கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர்டேபிள் யூனிட்டுகளுக்கு ஒரு ஆப். கட்டிங் பீஸ் எவ்வளவு வந்தது, தைத்து எவ்வளவு போனது, சலான், பில், சனிக்கிழமை சம்பளம் எல்லாம் போனிலேயே. இதுதான் என் ஐடியா. வேலையை விடும் முன் மார்க்கெட் இருக்கிறதா என்று பார்த்துவிடலாமே என்று ஒரு கன்சல்டன்சிக்குப் போனேன். 85,000 ரூபாய். ஆறு வாரத்தில் 62 பக்க ரிப்போர்ட், ஸ்பைரல் பைண்டிங்கோடு. 412 பேரிடம் கேட்டார்களாம், 81 சதவீதம் பேர் ‘கண்டிப்பாக வாங்குவேன்’ என்றார்களாம்.

வேலையை விட்டேன். எட்டு மாதம் கோடு எழுதினேன். அப்புறம்தான் அந்த 412 நம்பர்களுக்கும் போன் போட்டேன். பாதிப்பேர் எடுக்கவே இல்லை. எடுத்தவர்களில் நிறையப் பேர் காலேஜ் பசங்க. ஃபார்ம் நிரப்பினால் 50 ரூபாய் ரீசார்ஜ் என்றார்களாம்!

நிஜமாகவே டேபிள் நடத்துகிற ஒரு அண்ணன் சிக்கினார். நேரில் போனேன். டிராயரிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட நீள நோட்டை எடுத்து வைத்தார். ஒவ்வொரு லாட்டுக்கும் தனிப் பக்கம், அடித்தல் திருத்தல் இல்லை. “கணக்கு நோட்டுல சரியா இருக்குதுங்க தம்பி. காசுதான் கம்பெனியில நிக்குது.” சிறுதொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால், கம்பெனி அந்தச் செலவைப் பணம் தந்த வருடத்து வருமான வரிக் கணக்கில்தான் கழிக்க முடியும் என்று 2024-இல் விதி அமலுக்கு வந்ததே என்றேன். சிரித்தார். “அதைப் பேசினா அடுத்த லாட் வேற டேபிளுக்குப் போயிருமுங்க.”

வீட்டுக்கு வந்து ரிப்போர்ட்டை மறுபடி புரட்டினேன். பக்கம் 17: ‘ஐடிசி-04 படிவம் தாக்கல் செய்ய ஜாப்ஒர்க் யூனிட்டுகள் திணறுகின்றன.’ அது ஜிஎஸ்டி படிவம்; அதைப் போட வேண்டியது தைக்கச் சரக்கை அனுப்புகிற கம்பெனி, தைத்துக் கொடுப்பவர் இல்லை. ஒரே ஒரு ஓனரிடம் பேசியிருந்தாலும் இந்த வாக்கியம் வந்திருக்காது. நானும் கவனிக்காமல் விட்டேன், அது என் தப்பு.

காசைத் திருப்பிக் கேட்டால், “நாங்க இன்டென்ட்தான், அதாவது வாங்குற எண்ணத்தைத்தான் அளந்தோம் சார், வாங்குறது எங்க பொறுப்பில்லை” என்கிறார்கள். அக்ரிமென்டிலும் அப்படித்தான் இருக்கிறது.

இப்படி யாரிடமாவது போகிறீர்கள் என்றால், ‘இருந்தால் வாங்குவீர்களா’ என்று கேட்கிறார்களா, ‘போன மாதம் இதற்கு எவ்வளவு செலவு செய்தீர்கள்’ என்று கேட்கிறார்களா என்று முதலில் பாருங்கள். முன்னதற்கு நம் ஊரில் யாரும் ‘வாங்க மாட்டேன்’ என்று சொல்ல மாட்டார்கள், முகத்துக்காகவாவது தலையாட்டுவார்கள். 500 ரூபாய் அட்வான்ஸ் கேட்டால்தான் தெரியும். பேசியதற்கு கால் ரெக்கார்டிங்கும் கேளுங்கள். நான் ஐந்தே ஐந்து கேட்டேன். நாலு மாதமாக “ஷேர் பண்றோம் சார்” என்றுதான் பதில் வருகிறது.